ஆறு மணி வரை

ஷ்வேதாவின் கழுத்துப் பொத்தானை ரோகினி மூன்றாவது தடவையாகப் போட்டுவிட்டாள்.

வெளியே வெயிலில் தகரக் கூரை பொரிந்துகொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்த ஒரே பிள்ளை அவள்தான்.

சட்டைக்கு அடியில் ஏழு கொப்புளங்கள். காலையில் குளிப்பாட்டும்போது மூன்றுதான் இருந்தன. கைராசிக்காரன் தொட்ட வியாபாரம் மாதிரி மளமளவென்று பெருகியிருந்தன.

சுங்கை காடுட் வட்டாரத்தில் பேக்டரி வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்வது ரோகினியின் வீட்டில்தான். இப்போது ஐந்து பிள்ளைகள். எல்லாருக்கும் அவள் ‘ஆன்ட்டி’. ஆறு மணி வரை அந்த வீட்டில் ‘அம்மா’ என்ற சொல் கூடாது. ஒன்று அம்மா என்று வாயைத் திறந்தால் போதும், மற்றதெல்லாம் தத்தம் அம்மாவை நினைத்துக் கூரை பறக்க அழும்.

ஊரில் சின்னம்மைக்கும் அதே பெயர்தான். ‘அம்மா போட்டிருக்கு’ என்றால் வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். வேப்பிலை கட்டிய வாசலுக்குத் தனியாகப் பூட்டு எதற்கு? பொழுது விடிவதற்குள் நாலு பிள்ளையும் வேறு வீடு போய்ச் சேர்ந்துவிடும். அடுப்பு எரிவது அந்த நாலு பிள்ளையால்தான்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா? லோகேஸ்வரி தன் இரட்டைப் பையன்களையும் கூட்டிக்கொண்டு, அவர்களை விட இடம் பார்க்க வந்திருந்தாள். ஒரே பேரத்தில் இரண்டு உருப்படி.

பாயைப் பார்த்தாள். பாத்ரூமைப் பார்த்தாள். அடுப்படிக்குக் கதவு இருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தாள். தலையாட்டப் போன நேரத்தில் ஷ்வேதா கழுத்தைச் சொறிந்தாள். பொத்தான் தெறித்து லோகேஸ்வரியின் காலடிக்கே உருண்டது; திறந்த கழுத்தில் கொப்புளம் தெரிந்தது.

லிங்கி ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் வளர்ந்த லோகேஸ்வரிக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை.

“ஐயோ, அம்மால்ல போட்டிருக்கு!” பையன்களை இழுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள்.

கடைக்குள் எலி ஓடினால், ‘அது பக்கத்துக் கடை எலிங்க’ என்று சொல்லத் தெரியாதவன் கல்லாவில் உட்காரக் கூடாது. ரோகினி அதற்கும் ஒரு படி மேலே போனாள். கோபப்பட்டாள்.

“அநியாயத்தப் பாருங்கக்கா! இவங்க அம்மாவுக்குக் காலையிலயே தெரிஞ்சிருக்கு. சட்டையப் போட்டு மூடி விட்டிருக்கா!”

“பெத்தவளா லா அவ? பிள்ள காய்ச்சல்ல கொதிக்குது, இவளுக்குச் சம்பாத்தியம் கேக்குது!”

“அதானே,” என்றாள் ரோகினி.

வாய்ச்சொல் போதாது என்று தோன்றியது. போனை எடுத்துக் காதில் வைத்தாள். “ஹலோ, ஷ்வேதா அம்மாவா? நீயெல்லாம் ஒரு தாயா? நாளையிலேர்ந்து உன் பிள்ள இங்க வேணாம். வேற இடம் பாத்துக்கோ!”

ஷ்வேதா விரலைச் சப்பியபடி முழுவதையும் கேட்டாள்.

லோகேஸ்வரிக்கு முகம் தெளிந்தது. ஆனாலும் வாசலில் நின்றபடியே குனிந்து கேட்டாள். “உங்கம்மா எப்ப வருவாங்க கண்ணு?”

ஷ்வேதா ரோகினியை ஒரு தடவை பார்த்தாள்.

“ஆறு மணிக்கு.”

“பாவம்,” என்றாள் லோகேஸ்வரி. பிறகு ரோகினியிடம், “இப்படிக் கண்டிப்பான ஆளுதான் எனக்கு வேணும். திங்கக்கிழம கொண்டாந்து விடுறேன். இந்தப் பிள்ள மட்டும் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“கண்ணுலயே படாதுக்கா.”

ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்து ஒவ்வொரு மோட்டார் சைக்கிளாக வந்தது. நாலு பிள்ளைகளும் நாலு முதுகைக் கட்டிக்கொண்டு போயின. அம்மை பற்றி யாரிடமும் ரோகினி மூச்சு விடவில்லை. சிரித்துச் சிரித்துக் கையாட்டினாள்.

கேட்டைப் பூட்டிவிட்டு நேராகப் பின்கட்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பழைய அட்டைப் பெட்டிகளை ஒதுக்கினாள். ஒரு பாய் விரித்தாள். ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்தாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் பிடித்தது.

பின்னாலேயே ஷ்வேதா வந்து நின்றாள். காய்ச்சலில் கண் பளபளத்தது.

“எல்லாரும் போயிட்டாங்க. இப்ப அம்மான்னு கூப்பிடலாமா, ஆன்ட்டி?”

ரோகினி கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு.”