மூன்றாம் டப்பாவின் பெயர்

பெட்டியின் குமிழைத் திருகினான். தப்பான பக்கம்.

எழுத்துகள் பின்னால் ஓடின.

மண்டப வாசலில் இன்னாசி அண்ணனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னாலிருந்து அவர் மகள் ஜெனோவா இறங்கினாள். அப்பாவோடு வேலைக்கு இன்றுதான் முதல் நாள். எந்தக் கேமராவின் படம் பெரிய திரைக்குப் போக வேண்டும் என்று பொத்தான் தட்டுகிற மேசை அவளுக்கு.

அந்த மேசையில்தான், அவள் மூக்குக்கு நேராக, இந்தப் பெட்டியும் இருக்கிறது. கல்யாணத்தைப் படம்பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயரில்லா இன்டர்காமின் தாய்ப் பெட்டி. ஆளுக்கொரு டப்பா இடுப்பில். யார் பேசினாலும் பெட்டியின் தீப்பெட்டி அளவுத் திரையில் அவர் பெயர் வரும்; அவரவர் டப்பாவிலும் அதே பெயர் மின்னும்.

பெயர் வைத்தவன் இவன்தான்.

போன முகூர்த்த சீசனில் டப்பாக்களைப் பெட்டியோடு சேர்த்தபோது மெஷின் பெயர் கேட்டது. ஒன்று, இரண்டு என்று போட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? லைட்காரருக்கு ‘மொட்டை’. இரண்டாம் கேமராவுக்கு ‘பரோட்டா’. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போன மூன்றாம் கேமரா இன்னாசி அண்ணனுக்கு ‘நொண்டி’. தனக்கு மட்டும் ‘பாஸ்’. இப்போதும் இடுப்பில் அது மின்னிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். மெஷினுக்குத் தமிழ் வராது. வெட்கமும் வராது.

நேரில் என்னவோ ‘அண்ணே, அண்ணே’தான். அவர் கொண்டுவரும் மீன் குழம்பில் பாதி இவன் வயிற்றில்தான். டப்பா தொங்குவது இடுப்புக்குப் பின்னால். மாட்டியிருப்பவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவர்களுக்குத்தான் தெரியும் என்று ஒரு தைரியம்.

பின்னால் நின்றவர்கள் நன்றாகத்தான் சிரித்தார்கள்.

“என்னலே, அவரு மக வாரான்னதும் பேர மாத்துதியோ?” என்றார் லைட்காரர்.

மெனு. அதற்குள் டப்பாக்கள். அதற்குள் மூன்று. அதற்குள் பெயர். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும். குமிழ் வேர்வையில் வழுக்கியது.

மூன்றாவது எழுத்தான ‘N’ இரண்டு பெயருக்கும் பொது. அதை மட்டும் தொடவில்லை.

மாற்றவா, என்று கேட்டது திரை.

அழுத்தினான். மூன்றாம் டப்பாவை அணைத்துப் போட்டான். ‘இன்னாசி’ என்று வந்தது. ஏதோ இவனே ஞானஸ்நானம் கொடுத்து முடித்ததுபோல ஒரு பெருமூச்சு.

அவர்கள் வந்துவிட்டார்கள்.

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா, வரிசையாக வைத்திருந்த டப்பாக்கள் பக்கம் குனிந்தார். கண் பழகிய பெயரைத் தேடியது. புதுப் பெயரைத் தாண்டிப் போனது. மறுபடியும் முதலிலிருந்து வந்தது.

“என் டப்பாவக் காணலியே தம்பி. நொண்டின்னு போட்டிருக்கும்லா?”

சாதாரணமாகத்தான் கேட்டார். கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி.

லைட்காரர் அவசரமாக வயர் சுருட்டத் தொடங்கினார். ஏற்கெனவே சுருட்டி வைத்த வயர்.

ஜெனோவா எழுந்தாள். மூன்றாவதை எடுத்தாள். படித்தாள். அப்பாவைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, இடுப்பில் மாட்டிவிட்டாள். கழன்றுவிடக் கூடாதே என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவர் தாங்கித் தாங்கி மூன்றாம் கேமராவுக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு இவன் பக்கம் திரும்பினாள்.

“ஒங்க டப்பால என்ன பேருண்ணே?”

அவன் கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்திக்கொண்டது.