ஒன்று விடாமல்

“ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிடறேன் ஐயா. யார் யார் பாடினாங்க, என்ன பாடினாங்க, எல்லாம்” என்றார் விவசாயி ராப்போலஸ், தொப்பியைக் கையில் கசக்கியபடி.

போலீஸ் நிலையத்தில் எழுத உட்கார்ந்திருந்த குமாஸ்தா சிக்மஸுக்கு ஆத்திரமாக வந்தது. வேறு மாவட்டத்துக்காரன் என்றாலும் அவனும் லிதுவேனியன்தானே. உழுத நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊர் ஊராக அலைந்து, பாட்டும் கதையும் சேர்த்த மனுஷனா இவர்?

போன மாதம்தான் ஜாரின் போலீஸ் அவர் வீட்டில் புகுந்தது. தடை செய்த லத்தீன் எழுத்தில் எழுதியவை என்று, சேர்த்ததையெல்லாம் அவர் அடுப்பிலேயே போட்டுக் கொளுத்தியது. அன்றைக்குப் போலீஸ் கேப்டனை முறைத்துக்கொண்டு நின்றவர், இன்றைக்குப் பாடியவர்களைக் காட்டிக் கொடுக்க வந்திருக்கிறார்.

“இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு. பேரைச் சொல்லு” என்றார் கேப்டன்.

“பேர் மட்டும் போதுமா ஐயா? என்ன பாடினாங்கன்னு முழுசா இல்லாட்டி கோர்ட்டுல வழக்கு நிக்குமா?”

கேப்டன் மீசையைத் தடவினார். “அதுவும் சரிதான். சிக்மஸ், வார்த்தைக்கு வார்த்தை எழுது. நம்ம ரஷ்ய எழுத்துல.”

“மொதல்ல உர்ஷுலே. வயல்ல காக்காய்ங்க இறங்கின பாட்டு.”

“காக்கான்னா யாரு?”

“அதை என் வாயால வேற சொல்லணுமா ஐயா?”

கேப்டனின் முகம் சிவந்தது. “எழுது, எழுது! அவ வீடு எங்க?”

“சர்ச்சுக்குப் பின்னாடி.”

விதைப்புப் பாட்டு, கல்யாணப் பாட்டு, அருவதாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணின் பாட்டு என்று வாரம் முழுக்க வந்துகொண்டே இருந்தது. பாதிப் பேருக்குச் சர்ச்சுக்குப் பின்னால்தான் வீடு. மீதிப் பேருக்குப் பக்கத்து ஊர்ச் சர்ச்சுக்குப் பின்னால்.

கேப்டன் புகை பிடிக்க வெளியே போன நேரத்தில் சிக்மஸ் பல்லைக் கடித்தான். “வெட்கமா இல்ல? உங்களை நம்பித்தானே பாடினாங்க?”

“ஆமா, நம்பித்தான் பாடினாங்க. அந்த ரெண்டாவது அடியைத் தப்பா எழுதியிருக்கே. அடிச்சிட்டுச் சரியா எழுது தம்பி.”

கடைசித் தாளிலும் முத்திரை விழுந்தது. கேப்டன் தாள் கட்டைத் தட்டிக் கொடுத்தார். “இனி இது அரசாங்கச் சாட்சியம். யாராலயும் அழிக்க முடியாது. ஒரு தாளைக் கிழிச்சாலும் சைபீரியாதான்.”

அந்த நேரம் பார்த்து, எல்லாரையும் ஒரே நாளில் கைது செய்ய அன்று காலை போன போலீஸ்காரர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

“சர்ச்சுக்குப் பின்னாடி போய்ப் பார்த்தோம் ஐயா. கல்லறைத் தோட்டம்தான் இருக்கு. அந்தப் பேரெல்லாம் சிலுவையில எழுதியிருக்கு.”

கேப்டன் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கிப் பாய்ந்தார். சிக்மஸ் எழுந்து குறுக்கே நின்றான். அவனுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

“முத்திரை விழுந்துடுச்சு ஐயா. நீங்கதானே இப்பச் சொன்னீங்க, கிழிச்சா சைபீரியான்னு?”

கேப்டனின் கை அப்படியே நின்றது. தாள்களை மேஜை மேல் எறிந்துவிட்டு ராப்போலஸின் பக்கம் திரும்பினார். “உன்னை அனுப்பறேன்டா சைபீரியாவுக்கு!”

ராப்போலஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

“தாராளமா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி கதைகளையும் எழுதிக்குங்க ஐயா.”