பட்டாணிக்கு ஏற்ற வீடு

மழைநீர்க் கால்வாயிலிருந்து மீட்ட பட்டாணி என்ற அந்தச் சின்ன நாயைக் காப்பகத்தார் கண்ட வீட்டுக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். நாய் கேட்பவரின் வீட்டுச் சுவரிடம் முதலில் விசாரிப்பார்கள். சுவர் தான் கேட்டதையெல்லாம் சொல்லிவிடும். அதை வைத்து அந்த வீட்டில் நாய்க்கு என்ன நேரும் என்பதைக் காப்பகத்துத் திரை காட்டும்.

பட்டாணியைக் கேட்டு வந்திருந்த மேகலாவுக்கு அதில் பயமில்லை. கணவன் கை ஓங்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள். எதிர்வீட்டுக்காரர்களைப் போலச் சுவரும் ஏமாந்திருக்கும் என்று நம்பினாள். மகள் இதழினி வாய் திறந்து பேசியே வெகுநாளாகிறது. நாயிடமாவது பேசட்டும்.

காப்பகத்துப் பெண் ஜெசிந்தா திரையைப் படித்துவிட்டுத் தலை நிமிரவேயில்லை. "நாயத் தர முடியாதுங்கக்கா. மழக்காலம் முடியறதுக்குள்ள உங்க வீட்டுல இதோட காலு ஒடஞ்சிரும்னு காட்டுது. தெரிஞ்சே அனுப்புனா எங்க மேல கேஸ் ஆயிரும்."

மேசைக்கடியில் இதழினி நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இவளுக்கு என்னன்னு காட்டுதுங்க?" என்றாள் மேகலா. அந்தக் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஜெசிந்தா திரையை அணைத்தாள். "நாங்க நாயப் பத்தி மட்டுந்தான் கேப்போங்கக்கா. புள்ளைங்களப் பத்தி யாரும் கேக்கறதில்லீங்க."

வெளியே கார் ஹார்ன் நீளமாக அலறியது. மேசைக்கடியில் இரண்டு உயிரும் ஒன்றுபோல ஒடுங்கின.

ஜெசிந்தா குனிந்து நாயைத் தூக்கினாள். மார்போடு அணைத்தபடி உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

மேகலாவும் குனிந்து கையை நீட்டினாள்.

"வா கண்ணு. அப்பா கூப்பிடறாரு."