கிணற்றடிச் சாட்சி

மாடெல்லாம் வறட்சியில் செத்தபின் ஜல்தேசாவுக்கு வெளிநாட்டுக் கூலிவேலைதான் கதி. ஆனால் பாஸ்போர்ட் வாங்க அவனிடம் ஓர் அடையாள அட்டைகூட இல்லை. விசாரிக்க அதிகாரி கல்காலோ கிணற்றடிக்கே வந்திருந்தார்.

"நீ இந்த ஊர் போரானா இனத்து ஆளுதான்னு சொல்லச் சாட்சி வேணும்பா."

"பஞ்சத்துல எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டாங்கய்யா. என்னைத் தெரிஞ்சதுன்னா என் மாடுங்கதான்."

"எலும்பு வந்து சாட்சி சொல்லுமா?"

ஜல்தேசா கிணற்றில் இறங்கி, தண்ணீர் இறைத்து, மண்தொட்டியை நிரப்பினான். பிறகு அவன் அப்பன் பாடிய தண்ணீர்ப் பாட்டை எடுத்தான். ஒவ்வொரு வீட்டு மாடும் தன் வீட்டுப் பாட்டுக்குத்தான் வரும். கல்காலோவுக்கும் அது தெரியும். சின்ன வயதில் அவரும் மாடு மேய்த்தவர்தான்.

வெட்டவெளியில் எதுவும் தென்படவில்லை. புழுதி மட்டும் எழுந்து கிணற்றை நோக்கி வந்தது. மரமணிச் சத்தம் நெருங்கியது. தொட்டித் தண்ணீர், உறிஞ்சும் ஓசையோடு மளமளவென்று இறங்கியது. சூடான ஈரமூச்சு ஒன்று கல்காலோவின் புறங்கையில் பட்டது.

அவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கினார்.

"நீ பாட்டை நிறுத்தாத. நான் இறைக்கிறேன். இன்னும் வந்துக்கிட்டிருக்கு."