மூன்றாவது சொல்

புயலில் காணாமல் போனவர்களின் பெயர்களை, மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களோடு அகர வரிசையில் ஒப்பிடும் வேலை, காலையிலிருந்து மூன்று முறை பாதியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும், அதுவரை பொருந்திய பெயர்களையெல்லாம் அலுவலகத்தின் பெரிய கணினியான மெயின்ஃபிரேம் அழித்தது. அதன்மேல் தப்பில்லை. கட்டளை வரியில் யாரோ என்றைக்கோ மூன்றே சொற்களில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள்: புதிதாக உருவாக்கு, முடிந்தால் பதிந்து வை, நடுவில் நின்றால் அழி.

கணினியை இயக்கிக்கொண்டிருந்த தமயந்தி, அந்த மூன்றாவது சொல்லின் மேல் கர்சரைக் கொண்டுபோனாள்.

“அதத் தொடாதீங்க,” என்றார் மேலாளர் எட்வின். “அரைகுறை லிஸ்ட்டு வெளிய போகக் கூடாது. பேரு இல்லேன்னா ஆளே இல்லேன்னு நெனைச்சுக்குவாங்க.”

“இப்ப மட்டும் வேற என்ன சார் நெனைச்சுட்டு நிக்கிறாங்க?”

வாசல் கம்பியைப் பிடித்தபடி, காணாமல் போனவர்களின் வீட்டார் கூட்டமாக நின்றார்கள். டிலீட் என்றிருந்த இடத்தில் கீப் என்று அடித்து, அவள் வேலையை மறுபடி ஓட விட்டாள்.

நான்காவது முறையும் நின்றது. ஆனால் நூற்றுப் பதினேழு பெயர்கள் மிஞ்சின. அச்செடுத்து வாசலுக்குப் போய் உரக்க வாசித்தாள். வாசித்து முடித்த பிறகும் ஒருத்தி கம்பியை விடவில்லை.

“எங்க வீட்டுக்காரரு பேரு வரலியே?”

“இன்னும் பாதி இருக்குக்கா. அவரு பேரு என்ன?”

“அருளப்பன்.”

அகர வரிசையில் முதல் பக்கத்திலேயே வந்திருக்க வேண்டிய பெயர். தமயந்தி திரும்பி உள்ளே ஓடினாள்.

“சார், ஆஸ்பத்திரியில பேரு தெரியாமக் கெடக்குறவங்க எந்த ஃபைல்ல இருக்காங்க?”