பாங்கு நேரத்து ஷட்டர்

"கடையை மூடிட்டானா? பட்டப்பகல்லயா?"

தாஜ் முகம்மது தன் சேலைக்கடையில் இருந்த ஒரே நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள் சீவலப்பேரி செல்லக்கிளி. "மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க நேத்து குடும்பத்தோட பஸ் ஏறி வந்தோம். பாங்கு சொல்லி நீங்க தொழுகைக்குப் போனிய. நீங்க அங்கிட்டுப் போனதுதான் தாமசம், ஒங்க மருமவன் 'ஸலா! ஸலா!'ன்னு கத்தி, எங்களை வெளியே பத்திவிட்டுட்டு ஷட்டரை இறக்கிட்டாரு. வெயில்ல யாரு நிப்பா? எதுத்த கடையில எடுத்துட்டோம். இன்னைக்கு ரவிக்கைத் துணிக்குத்தான் வந்தேன்."

கல்யாணச் சேலை எதிர்க்கடைக்கு, ரவிக்கைத் துணி நமக்கு! தாஜுக்குத் தலை கிறுகிறுத்தது.

மருமகன் அசன் மைதீன், தங்கை ஜுபைதா பீவியின் மகன். ஜித்தாவில் வளர்ந்தவன். வாப்பாவை அங்கேயே விட்டுவிட்டு உம்மாவோடு மேலப்பாளையம் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. அங்கே அரபிப் பையன்கள் அவனை 'ஹிந்தி', அதாவது இந்தியாக்காரன், என்றார்கள். இங்கே வந்தால் ஊரே 'அரபி' என்கிறது.

இரண்டு பக்கமும் தப்பிக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். யார் என்ன பேசினாலும் அவர்கள் குரலிலேயே திருப்பிப் பேசிவிடுவான். மலையாளி சாயாக்கடைக்காரர், பாகிஸ்தான் பட்டாணி டாக்ஸிக்காரர், எகிப்து வாத்தியார், பாங்கு சொல்லும் நம்மூர் மோதினார், எல்லாரும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தார்கள்.

வள்ளியூர் ஹாஸ்டலில் சேர்த்தபோது வார்டன் குரலில் மொத்த ஹாஸ்டலுக்கும் லீவு விட்டுவிட்டு ஓடி வந்தவன். ஆனால் உம்மாவிடம் மட்டும் சொன்னான்: "அங்க எந்தப் பாஷையில அழுறதுன்னே தெரியல உம்மா. திருப்பி அனுப்பிராதீங்க."

"ஏலே அரபி, இங்க வா! கடையை மூடுனியா?"

"அய்வா... ஆமா மாமா."

"தினமுமா?"

"நீங்க பள்ளிவாசலுக்குப் போனதும்... கொஞ்ச நேரம்."

"வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கே ஒன்னய இழுத்துக்கிட்டுப் போகணும். புதுசா என்னலே பக்தி?"

"அங்கன எல்லாக் கடையும் மூடணும் மாமா. மூடலேன்னா ஒரு தாடிக்காரர் பிரம்போட வருவாரு, தொழப் போகச் சொல்லி. ஸலா! ஸலா!"

குரலிலேயே தாடியும் தெரிந்தது, பிரம்பும் தெரிந்தது. சேலை எடுத்துப் போடும் பெண்கள் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"க்ஹூம்!" என்று கனைத்தார் தாஜ். சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன இசக்கியம்மா, சுவத்துல சாஞ்சு நிக்குதிய? நீங்க தாங்கலேன்னா விழுந்திருமோ? நேரா நில்லுங்க."

இசக்கியம்மா நேரானாள்.

"நீ கேட்டுக்கோலே. இன்னொரு தடவை ஷட்டர் இறங்குச்சு, மறுநாளே வள்ளியூர் ஹாஸ்டல்தான். யார் கால்ல விழுந்தாவது சேர்த்துட்டு வந்துருவேன்."

அசன் முகம் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் பாங்கு சொன்னதும் தாஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு வழக்கம்போல இறங்கினார். ஆனால் பள்ளிவாசல் பக்கம் போகாமல் சந்துக்குள் திரும்பி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

கடகடகடவென்று ஷட்டர் இறங்கியது!

'ஒனக்கு வள்ளியூர்தாம்லே' என்று பல்லைக் கடித்தபடி பின்வாசல் வழியே பைய உள்ளே நுழைந்தார்.

உள்ளே யாரும் தொழவில்லை. நாலு பெண்களும் ஷட்டரைப் பார்த்தபடி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியம்மா வீங்கிப்போன கணுக்காலை அமுக்கிவிட்டுக் கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் நின்று அசன் குரல் மாற்றிப் பேசிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமல் ஆளைச் சொல்ல வேண்டும், அதுதான் விளையாட்டு.

"இது மோதினாரு!"

"இது சீவலப்பேரி அக்கா!"

சிரித்து முடித்து இசக்கியம்மா பெருமூச்சு விட்டாள். "எங்களுக்காவ எதுக்கு தம்பி இந்த வம்பு? ஒன்னய ஹாஸ்டல்ல போட்டுருவாவளே."

அசன் பேசினான். அது யாருடைய குரலும் இல்லை, அவனுடையதேதான்.

"ஜித்தாவுல எங்க வாப்பாவுக்கும் துணிக்கடைலதான் வேலை. காலைலேருந்து நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க. பாங்கு சொல்லி ஷட்டர் இறங்குனாத்தான், தொழுதுட்டு கொஞ்சம் உக்கார முடியும். நான் ஓடிப்போய் காலைப் பிடிச்சு விடுவேன்."

மச்சான் ஜித்தாவில் மேனேஜர் என்றுதான் தாஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"போதும் தம்பி, அழ வச்சிராத," என்று கண்ணைத் துடைத்தாள் இசக்கியம்மா. "எங்க, மொதலாளி கொரலைப் போடு பாப்போம்!"

கனைப்பதற்காகத் தலையைத் திருப்பிய அசன், மாமாவைப் பார்த்துவிட்டான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"க்ஹூம்!"

கனைத்தது தாஜ்தான்.

"எந்திரிக்காதிய, நல்லா உக்காருங்க தாயி. நாளைக்கே ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப் போடுதேன், உக்காந்தே யாவாரம் பாருங்க. இனி ஷட்டரையும் இறக்க வேண்டாம், வள்ளியூருக்கும் யாரும் போக வேண்டாம்."

அசன் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான்.

இசக்கியம்மா திரும்பாமலேயே தலையை ஆட்டினாள்.

"கனைப்பு அச்சு அசலா இருக்கு தம்பி. பேச்சுத்தான் பிசகிட்டு. மொதலாளி எந்தக் காலத்துல இப்படிப் பேசியிருக்காவ?"