பத்து முழப் பந்து

மல்லிகைப் பந்தை இலையில் வைத்துக்கொண்டு அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

திங்கட்கிழமை என்றால் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை போட்ட மாத்திரை மறுநாள் முழுக்கத் தலைக்குள் மிதக்கும். வாரத்துக்கு ஒரே நாள், மறந்தும் இரண்டாம் நாள் போட்டுவிடாதே என்று டாக்டர் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறதாம். அதை அடக்க மாத்திரையாம்.

பஸ்கள் தண்ணீருக்குள் போவதுபோல் போயின. மல்லிகை வாசம் குமட்டியது. பூக்காரிக்குப் பூ குமட்டினால் விளங்கினாற்போலத்தான்!

"ஒரு முழம் குடும்மா."

முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனிவரை அளந்தாள். நறுக்கினாள். கொடுத்தாள்.

போன வருஷம் இந்த விரல்கள் வீங்கி, மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன.

அவளுக்கே தெரியாமல் முழம் குறைந்தது. பத்து முழப் பந்தில் பன்னிரண்டு முழம் விற்றாள்.

கண்டுபிடித்தது சுகந்தி டீச்சர். பஸ் ஸ்டாப்பில், அத்தனை பேர் முன்னால், பூவைத் தன் கையில் வைத்து அளந்து காட்டினார். எதிர்ப் பூக்கடைக்குப் போனவர் போனவர்தான். இருபது வருஷப் பேர் ஒரே காலையில் போயிற்று. விரல் வலியைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

மாத்திரை தொடங்கி மூன்று மாதம்.

இன்று எதிர்க்கடை திறக்கவில்லை. டீச்சர் வேண்டாவெறுப்பாக வந்து நின்றார்.

"ஒரு முழம். சரியா அள."

அவளுக்கு மயக்கம் தெளியவில்லை. பூவை முழங்கையில் வைத்து நீவினாள். இதோ நுனி வந்துவிடும் என்று பார்த்தாள். வரவில்லை. பூ போய்க்கொண்டே இருந்தது. விரலும் போய்க்கொண்டே இருந்தது.

டீச்சர் வாங்கிய கையோடு அளந்தார். பூ அவர் விரலைத் தாண்டித் தொங்கியது.

"என்ன மயிலு, கூடப் போட்டுட்ட?"

அவள் இலையைப் பார்த்தாள். பந்து தீர்ந்திருந்தது.

காலையிலிருந்து வாங்கியவர்களை ஒவ்வொரு விரலாக நீட்டி எண்ணினாள். கடைசி விரல் டீச்சருக்கு.

டீச்சர் பஸ் ஏறிப் போன பிறகும், இரண்டு கைகளையும் விரித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.